மூன்று சென்சார், ஒரு குழாய்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே அம்மாவும் நானும் நலம். கடல் தாண்டி அங்கே நீங்களும் அக்காவும் பாப்பாவும் நலம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

கடிதத்தை வேண்டுமென்றேதான் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அக்கா முதலில் பிரிப்பாள். மெயிலில் எழுதினால் எங்கள் மேனேஜரில் ஆரம்பித்து உங்கள் ஆபீஸ் வக்கீல் வரைக்கும் படிப்பார்கள். போனில் சொன்னால், "பாக்கலாம் மாப்ளே, நீ சாப்ட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவீர்கள். ஏற்கெனவே அப்படித்தான் ஆயிற்று. காகிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாதே.

விஷயம், நீங்கள் வடிவமைத்த ரியாக்டரின் பாதுகாப்பு அமைப்பு. உங்களுக்கே அதை விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் மேஜையில் இருப்பது வரைபடத்துக் கோடு, இங்கே இருப்பது குழாய். பிசின் காய்ச்சும் அந்த மூடிய கலத்துக்குள் அழுத்தம் எல்லை மீறினால், யாரும் கை வைக்காமலே மூலப்பொருள் வரத்து நிற்க வேண்டும், அவசரத் தண்ணீர் வால்வு திறக்க வேண்டும். அழுத்தத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று சென்சார். மூன்றில் இரண்டு 'ஆபத்து' என்றால் பிளாண்ட் நிற்கும். ஒன்று பொய் சொன்னாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். கல்லூரியில் இதைப் படித்தபோது, மனுஷன் எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறான் என்று நினைத்தேன். இங்கே வந்து பார்த்தால் மூன்று சென்சாரும் கலத்திலிருந்து வருகிற ஒரே ஒரு குழாயில் தொங்குகின்றன. விரல் கனம்கூட இல்லாத குழாய். அதற்குள் பிசின் ஏறி அடைத்துக்கொண்டால் மூன்றும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். மூன்று சாட்சிகளைத் தனித்தனியாக விசாரித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் மூவரும் ஒரே சாவித்துவாரத்தில் எட்டிப் பார்த்தவர்கள்.

ஏன் இப்படி என்று விசாரித்தேன். கலம் வந்து இறங்கியபோது அதில் ஒரு துவாரம்தான் இருந்ததாம். இன்னும் இரண்டு போட்டால் கலத்தை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும், பிளாண்ட் தொடங்குவது தள்ளிப்போகும் என்று எல்லோரும் குதித்தார்களாம். நீங்களும் சரி என்றுவிட்டீர்களாம். அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்தீர்கள். அக்காவை நீங்கள் பார்த்ததும் அந்த வருடம்தான். இந்தப் பிளாண்ட் வராவிட்டால் இப்படி ஒரு மாப்பிள்ளை நமக்குக் கிடைத்திருப்பாரா என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் பழைய கதையைக் கிளறிக் குற்றம் சொல்ல வரவில்லை. இப்போது நடப்பதைச் சொல்கிறேன்.

குழாய் அடைபடும்போது அதற்குள் சிக்கிக்கொள்வது சூட்டில் விரிந்து தனக்குத்தானே அழுத்தம் ஏற்றிக்கொள்கிறது. கலம் பாட்டுக்கு அமைதியாக இருக்கும், சென்சார்கள் 'ஆபத்து' என்று கத்தும், பிளாண்ட் படுத்துவிடும். பாதி வெந்த பிசின் கலத்துக்குள்ளேயே கல்லாகிவிடும். அதைச் சுரண்ட ஆட்கள் உள்ளே இறங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும், பைபாஸ் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டார் மேனேஜர். அதைத் திருப்பிவிட்டால் சென்சார் என்ன கத்தினாலும் பிளாண்ட் காதில் வாங்காது. 'தற்காலிகம்' என்று எழுதி ஒரு சிவப்பு அட்டை கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு ஷிப்டும் அதைக் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். எல்லோரும் போடுகிறார்கள், நானும் போடுகிறேன். அட்டை வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது.

இதில் ஒரு கூத்தையும் கேளுங்கள். பைபாஸில் இருக்கிறது என்று எச்சரிக்க நீங்கள் கட்டுப்பாட்டு அறைப் பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு வைத்தீர்களே, அது விடாமல் எரிந்து எரிந்து போன மாதம் பல்பு போய்விட்டது. அன்றைக்கே புதுப் பல்பு வாங்கி மாட்டினார்கள்! எச்சரிக்கை விளக்கு எரியாதது குறை என்று பதிவாகி, குறை உடனே சரிசெய்யப்பட்டது என்று கூட்டத்தில் மேனேஜர் பாராட்டு வேறு தெரிவித்தார். அந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

பேனல் ஆபரேட்டர் ஒருத்தர் இருக்கிறார், நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுகிறவர். ஷிப்டு தொடங்கினதிலிருந்து முடிகிற வரைக்கும் வாய் ஓயாது. பிளாண்டில் அவரை நாங்கள் கேட்கிறோம், வீட்டில் அணைத்துவைப்பது தன் வேலை என்று அவர் மனைவி சொல்வாள். புதுப் பல்பு மாட்டியதும் ரேடியோ அதற்கு ஒரு கும்பிடு போட்டு, "சார், இந்தப் பிளாண்ட்லயே லீவு போடாம வேலை செய்யிறவன் இவன் ஒருத்தன்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

கலத்தைத் திறந்து சுத்தம் செய்கிற வருடாந்திர நிறுத்தம் வருகிறது. அதில் மூன்று துவாரம், மூன்று தனிக் குழாய் போட்டுவிட்டால் பைபாஸுக்கு அவசியமே இருக்காது. ஆனால் வடிவமைத்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் பாதுகாப்பு அமைப்பில் ஒரு போல்ட்டைக்கூட மாற்றக்கூடாது என்பது இங்கே விதி. நல்ல விதிதான். இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கை வைத்திருப்பார்கள். கொடுமை என்னவென்றால், கெடுப்பதற்கு ஒரு சாவி போதும், சரிசெய்ய உங்கள் கையெழுத்து வேண்டும். நாங்கள் கேட்டால் உங்கள் ஆபீஸ், 'அமைப்பு தரத்துக்கு உட்பட்டதே' என்று ஒற்றை வரியில் பதில் போடுகிறது. நீங்கள் நினைத்தால் ஒரு பக்கத்தில் முடிகிற வேலை. தயவுசெய்து இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள்.

பாப்பாவுக்குப் பல் விழுந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். எனக்குப் பெண் பார்க்கிற பேச்சை அவள் மறுபடி எடுத்திருக்கிறாள். அதற்கும் உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்து,
மாப்ளே

*

அத்தானுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. வீட்டு ஜன்னல் கண்ணாடி மட்டும் போயிற்று. அக்காவிடம் போனில் சொன்னது அவ்வளவுதான். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

"இந்தத் தடவ டைம் இல்ல மாப்ளே, அடுத்த ஷட்டவுன்ல வெச்சுக்கலாம்" என்றீர்கள். கலத்தைத் திறந்தோம், சுத்தம் செய்தோம், அதே குழாயோடு மூடினோம். சில வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு வழக்கம்போல அடைப்பு, வழக்கம்போல பைபாஸ்.

மதியச் சாப்பாட்டு நேரம். கலத்தைக் குளிர்விக்கிற பம்பு ஒன்று திணறி நின்றது. உள்ளே சூடு ஏற ஆரம்பித்தது. அழுத்தம் காட்டுகிற மூன்று எண்களும் பேனலில் அசையாமல் நின்றன. மூன்றும் ஒரே மாதிரி, நல்ல பிள்ளைகளாக. குழாய் முழுக்க அடைத்திருந்தது அத்தான். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அன்றைக்கு பைபாஸ் இல்லாமல் இருந்திருந்தாலும் உங்கள் அமைப்பு பிளாண்டை நிறுத்தியிருக்காது. அதற்கு எதுவுமே தெரியவில்லை.

ரேடியோதான் பேனலில் இருந்தார். கலத்தைக் குளிர்வித்து வெளியே போகிற தண்ணீரின் சூடு ஏறுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு மூலப்பொருளை நிறுத்தினார். அவசரத் தண்ணீர் வால்வைத் திறக்கப் பேனலில் பொத்தான் கிடையாது. ஆபரேட்டர் பயந்து அழுத்திவிட்டால் ஒரு பேட்ச் பிசின் வீணாகுமே என்று வைக்காமல் விட்டது. அமைப்பு தானாகத் திறந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் கலத்துக்குப் பக்கத்தில் போய்க் கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். அவர் எழுந்து ஓடினார். நான் கேன்டீன் வாசலில் இருந்தேன், அவர் ஓடுவதைப் பார்த்தேன். முதல் தடவையாக அவர் பேசாமல் போவதைப் பார்த்து, என்னமோ சரியில்லை என்று நானும் பின்னாலேயே ஓடினேன். நான் படி ஏறுவதற்குள் அவர் வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் உள்ளே போகிற சத்தம் கேட்டது. அதே நேரம், நம் வீட்டு ஜன்னல் வரைக்கும் அதிரவைத்த வெடியோடு கலத்தின் மேல்மூடி ஓரம் பிய்த்துக்கொண்டு கொதிக்கிற பிசின் அவர் மேல் அடித்தது.

தண்ணீர் போனதால் கலம் அத்தோடு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் கொட்டகையில் ஒரு ஷிப்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ரேடியோவுக்கு இரண்டு கைகளும் முகமும் வெந்துவிட்டன. இடது கண் போய்விட்டது. முதல் வாரம் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு நான் போனபோது, கட்டுக்குள்ளிருந்து என் குரலை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்க சார். செட்டு எல்லாம் போயிருச்சு, ஸ்பீக்கர் மட்டும்தான் மிச்சம்" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "உங்க படிப்புக்குத் தெரியாம போச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்துதானே இருந்தது அத்தான்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள், கீறல் விழாத புது ஹெல்மெட்டோடு. நான் குழாயைக் கழற்றி, உள்ளே இறுகியிருந்த பிசினைக் கையிலேயே கொடுத்தேன். ஒருத்தர் முகர்ந்து பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். போகும்போது அதை எடுத்துப் போகக்கூட இல்லை. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நீ இன்னும் வாழவே ஆரம்பிக்கல. எதுக்கு இப்பவே எல்லாரையும் பகைச்சுக்கிற?" என்று தோளில் தட்டினார்.

முடிவு வந்துவிட்டது. பாதுகாப்பு அமைப்பின் வடிவமைப்பில் குறையில்லை. அதை ஆபரேட்டர்கள் பைபாஸில் வைத்திருந்தார்கள். சம்பவத்தின்போது பேனல் ஆபரேட்டர் அனுமதியின்றி இருக்கையை விட்டு எழுந்தார். இவ்வளவுதான். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்க்க எழுந்தவனைப்போல எழுதியிருக்கிறார்கள். முதல் வரிக்கு ஆதாரமாக வடிவமைப்பாளர் சான்று ஒன்று இணைத்திருக்கிறார்கள். அதன் அடியில் உங்கள் கையெழுத்து. எங்கள் வீட்டுக் கல்யாணப் பதிவில் போட்ட அதே கையெழுத்து, கடைசி எழுத்தை மேலே இழுத்து.

நான் உங்களைத் திட்ட எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டேன், தனியாக இருந்து. எனக்கு வேண்டியது ஒரே வரி. 'மூன்று சென்சார்களும் ஒரே குழாயில் இருப்பது வடிவமைப்புக் குறை, அதை மாற்றாமல் பிளாண்டைத் தொடங்கக்கூடாது.' இதை நீங்கள் எழுதினால் இரண்டு நடக்கும். அந்த மனிதர் மேல் எழுதிய பழி நிற்காது. கலத்தில் மூன்று குழாய் வரும். நீங்கள் எழுதாவிட்டால் இரண்டுமே நடக்காது. வேறு யார் எழுதினாலும் செல்லாது.

அக்காவிடம் நான் இதைப் பேசவில்லை. பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
மாப்ளே

*

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டைப் அடிக்காமல் கையால் எழுதியிருந்தீர்கள். அதற்காக நன்றி.

'நீ சொல்வது எல்லாம் சரி' என்று ஆரம்பித்திருந்தீர்கள். அடுத்த வரியில் 'ஆனால்' வந்தது, அது கடைசிப் பக்கம் வரைக்கும் ஓடியது. இப்போது எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், ஆபீஸ் உங்களைக் கைவிடும், வேலை போனால் அந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் போகும், பாப்பா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட வேண்டும், அக்கா தாங்க மாட்டாள். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தச் சான்றை உங்கள் முன்னால் வைத்தபோது, தரத்துக்கு உட்பட்டதா என்று மட்டும்தான் கேட்டார்கள், உட்பட்டதுதானே என்று போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். உட்பட்டதுதான். அந்தத் தரத்தை எழுதியவர்கள் பிசினைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். உங்களால் அங்கே எனக்கொரு வேலை வாங்கித் தர முடியும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் நான் இரண்டாவது தடவை படிக்கவில்லை.

தூக்கம் வருவதில்லை என்றும் ஒரு இடத்தில் சொல்லியிருந்தீர்கள். அதை நம்புகிறேன்.

இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரேடியோ வீட்டுக்கு வந்துவிட்டார். கம்பெனி அவரிடம் ஒரு காகிதம் நீட்டியது. இருக்கையை விட்டு எழுந்தது தன் தவறு என்று ஒப்புக்கொண்டால் மனைவிக்கு வேலை தருகிறோம் என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டாம், நான் மேலே எழுதிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். "சார், மேல எழுதுறதுக்குள்ள கீழ இருக்கிறவங்க சாப்பிடணும்ல" என்றார். விரல்கள் வளையவில்லை. மனைவி அவர் கையைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்து எழுத வைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை. நான் போனால் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேசத் தெரியாதவன் பேசினால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேற்று நடுவில் கையைத் தூக்கி நிறுத்தி, "போதும் சார், நீங்க அலாரத்த விட மோசம்" என்றார். அவ்வளவு பேசியதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் மனைவிக்குக் கிடைத்திருப்பது பேக்கிங் கொட்டகையில் வேலை. கலத்துக்கு நேர் பின்னால், அதே சுவர்.

திங்கட்கிழமை பிளாண்ட் தொடங்குகிறது. மேல்மூடியைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள், பம்பும் புதுசு. குழாய் பழையதுதான். பைபாஸ் சாவியைப் பிடுங்கித் தலைமை அலுவலகத்தில் பூட்டி வைத்துவிட்டார்கள், இனி யாரும் பைபாஸ் போட முடியாது. சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். இதுநாள் வரைக்கும் அமைப்புக்குக் கண் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும், மஞ்சள் விளக்காவது சொல்லிக்கொண்டிருந்தது. இனிமேல் அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் நம்பி உட்கார்ந்திருப்பார்கள். பேனலுக்குப் புதிதாக வந்திருக்கிற ஆபரேட்டருக்கு முதல் பாடமே, என்ன ஆனாலும் இருக்கையை விட்டு எழக்கூடாது என்பதுதான்.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. குழாயை மாற்றத்தான் உங்கள் சம்மதம் வேண்டும், கழுவ வேண்டாம். பராமரிப்பு வேலை என்று சொல்லி, ஷிப்டுக்கு ஒருமுறை சூடான கரைப்பானை விட்டு அதைக் கழுவ அனுமதி வாங்கியிருக்கிறேன். கலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை. யாரைப் போடலாம் என்று மேனேஜர் கேட்டார். இன்னொருத்தரை அங்கே நிற்க வைத்துவிட்டு நான் பேனல் இருக்கிற கண்ணாடி அறையில் உட்கார முடியாது. என் பெயரைக் கொடுத்துவிட்டேன். மற்ற ஷிப்டுகளிலும் முடிந்தவரை நானே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீடு பக்கம்தானே.

இது தீர்வு இல்லை. ஒரு நாள் நான் காய்ச்சலில் படுப்பேன், ஒரு நாள் பம்பு முந்திக்கொள்ளும். அடுத்த வருடாந்திர நிறுத்தம் வரைக்கும் எப்படியும் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அதற்குள் உங்கள் மனம் மாறினால், ஒரு வரி போதும் அத்தான். பழைய சம்பவத்தைப் பற்றிக்கூட ஒன்றும் எழுத வேண்டாம். ரேடியோ தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டு எல்லோரையும் விடுவித்துவிட்டார், உங்களையும் சேர்த்து. 'மூன்று குழாயாகப் பிரிக்க ஆட்சேபணை இல்லை' என்று மட்டும் எழுதுங்கள். ஆட்சேபணை இல்லை என்பது ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, எந்த வக்கீலிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். இதற்குக் கீழே என்னால் இறங்கி வர முடியவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். புது ஜன்னல் கண்ணாடி பழையதைவிடத் தெளிவாக இருக்கிறது என்று திருப்திப்படுகிறாள். பாப்பா அனுப்பிய படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். யானையா மேகமா என்று எங்கள் இருவருக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.

அக்கா போன வாரம் போனில் அழுதாள். அந்த ரியாக்டர் பக்கமே போகாதே, வேறு பிரிவு கேட்டு மாறிக்கொள் என்றாள். மாறிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பயிற்சிப் பிரிவு, கரும்பலகை, நாற்காலி, ஆபத்தே இல்லை என்றேன். அரை மனதாகத்தான் போனை வைத்தாள். உங்களிடம் கேட்பாள். ஆமாம், விசாரித்துவிட்டேன், பத்திரமாக இருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

இப்படிக்கு,
நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற,
மாப்ளே